ஏலத்தோட்டக் கூலிக் கணக்கு ஆப்: சர்வேயில் "நல்லாருக்கு", கையில் இன்னும் நோட்டு

கேள்வி: சாரல்மேடு
கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கத்துச் சிறு ஏலக்காய்த் தோட்டங்களுக்கான ஆப் இது. கம்பம், போடியிலிருந்து ஜீப்பில் வரும் ஆட்களின் வருகை, பச்சைக்காய் எடை, அட்வான்ஸ், பாக்கி எல்லாவற்றையும் சூப்பர்வைசர் பதிவு செய்கிறார். தமிழிலும் மலையாளத்திலும் உண்டு. தோட்டக்காரர்களை உட்கார வைத்து எடுத்த சர்வேயில் எஸ்.யூ.எஸ். (பயன்படுத்த எவ்வளவு எளிது என்று 10 கேள்வி கேட்டு 100-க்குப் போடும் அளவு) மதிப்பெண் 80-ஐத் தாண்டியது. ஆனால் யாரும் நோட்டை விடவில்லை. ஒரே ஆளுக்கு ஒரே அட்வான்ஸ் இரண்டு தடவை ஏறுகிறது. அடுத்த காயெடுப்புக்கு 3 வாரம்தான் இருக்கிறது. யாரை, எத்தனை பேரை, எப்படிப் பார்க்க வேண்டும்?

பதில்: திரைக்குப்பின்
முதல் கோளாறு ஆள் தேர்வு. ஆப்பைத் தொடுவது சூப்பர்வைசர், நீங்கள் கேட்டதோ தோட்டக்காரரை. முதலாளி பக்கத்தில் இருக்கும்போது சூப்பர்வைசரைக் கேட்டாலும் "நல்லாருக்கு" என்றுதான் சொல்வார். தோட்டக்காரர் மூலமாக ஆள் பிடிக்காதீர்கள். ஜீப் நிற்கும் இடம், டீக்கடை வழியாகப் பிடியுங்கள். ஞாயிற்றுக்கிழமை சந்தியுங்கள். ஒரு மணி நேரம் வாங்கினால் அதற்குரிய கூலியை முன்பே கொடுத்துவிடுங்கள், பாதியில் எழுந்து போனாலும் அது அவருடைய பணம்.

எண்ணிக்கைக்கு 1993-இல் பயன்பாட்டுச் சோதனை ஆய்வாளர்கள் நீல்சனும் லாண்டவரும் கொடுத்த கணக்கு உதவும். ஒரு குறை ஒரு ஆளிடம் தென்பட சராசரி வாய்ப்பு 31 சதவீதம் என்றால், 5 பேரில் 84 சதவீதக் குறைகள் கண்ணில் படும். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். 10 பேரில் ஒருவருக்கு மட்டும் வரும் குறையாக இருந்தால், அதே 5 பேரில் அது தென்பட வாய்ப்பு 41 சதவீதம்தான். ஆகவே 5 பேரைப் பாருங்கள், திருத்துங்கள், புதிதாக இன்னொரு 5 பேரைப் பாருங்கள். தமிழுக்குத் தனி 5, மலையாளத்துக்குத் தனி 5.

பதில்: நோட்டுப்புத்தகம்
ஆப்பைத் திறப்பதற்கு முன்னால் அவர்களுடைய நோட்டை வாங்கிப் பாருங்கள். எந்த வரிசையில் எழுதுகிறார்கள், அரைநாளை எப்படிக் குறிக்கிறார்கள், எந்தச் சொல் போடுகிறார்கள் என்பதெல்லாம் அதிலேயே இருக்கும். திரையில் "கழிவு" என்று போட்டால் கழித்த காயா, கூலியில் பிடித்த பணமா என்று குழப்பம் வரும். நோட்டில் "பிடித்தம்" என்று இருந்தால் அதையே எடுங்கள். மலையாளத்தில் எடைக்குத் "தூக்கம்" என்பார்கள். மலையாளத் திரையைப் பார்த்துத் தமிழில் எழுதியவர் அதை அப்படியே விட்டிருந்தால் தமிழ் வாசகருக்கு அது உறக்கம்! எல்லைப் பக்கம் இரு மொழியும் தெரிந்தவர்கள் சமாளித்துக்கொள்வார்கள், மற்றவர்கள் மாட்டார்கள். ஒரு மொழியில் தேறியதை வைத்து இன்னொன்றையும் தேறியதாக எடுக்கக் கூடாது.

பணியைக் கொடுக்கும்போது பட்டனில் உள்ள சொல்லைச் சொல்லாதீர்கள். "அட்வான்ஸ் பட்டனை அழுத்துங்க" என்றால் சோதனை அங்கேயே முடிந்தது. இப்படிச் சொல்லுங்கள்: "நேத்து 7 பேர் வந்தாங்க, ஒருத்தர் மத்தியானம் கிளம்பிட்டார். மொத்தம் 62 கிலோ. கிளம்பினவர் 500 ரூபாய் வாங்கிட்டுப் போனார். உங்க கணக்குல ஏத்துங்க." பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அவர் திணறும்போது உதவக் கை பரபரக்கும், அந்த இடத்தில்தான் உங்களுக்கு வேண்டிய பதில் கிடக்கிறது. "இப்ப என்ன தேடுறீங்க?" என்று மட்டும் கேட்கலாம். முதலில் எங்கே தொட்டார், எத்தனை தடவை பின்னால் போனார், எந்த இடத்தில் நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்த்தார் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். 45 நிமிடத்துக்கு 4 பணி போதும்.

அவருடைய போனிலேயே நடத்துங்கள். அறைக்குள் ஒரு முறை, தோட்டத்தில் ஒரு முறை.

பதில்: ஈரக்கை
இரட்டை அட்வான்ஸுக்குக் காரணம் பெரும்பாலும் சிக்னல்தான். அழுத்துகிறார், சக்கரம் சுற்றுகிறது, பதில் இல்லை, திரும்ப அழுத்துகிறார், பிறகு இரண்டும் சர்வருக்குப் போய்ச் சேர்கிறது. ஃப்ளைட் மோடில் போட்டு அதே பணியைச் செய்யச் சொல்லுங்கள், 2 நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒவ்வொரு பதிவுக்கும் போனிலேயே தனி எண் உண்டாக்கி, அதே எண் மறுபடி வந்தால் சர்வர் தள்ளிவிட வேண்டும். திரையில் "போனில் பதிவாகிவிட்டது, இன்னும் அனுப்பவில்லை" என்று உடனே காட்டுங்கள்.

மழையில் நனைந்த விரலைத் தொடுதிரை சரியாக எடுக்காது, நீர்த்துளியையே விரலாக எண்ணிக்கொள்ளும். தொடும் பட்டனுக்கு ஆண்ட்ராய்டு சொல்லும் குறைந்தபட்ச அளவு 48 டி.பி. (திரையில் அளக்கும் அலகு), கிட்டத்தட்ட 9 மி.மீ. கூலித் தொகைக்கான பட்டன்களை அதைவிடப் பெரிதாக வையுங்கள். "அழி" பட்டனைப் "பதிவு செய்" பக்கத்தில் வைக்கவே வைக்காதீர்கள்.

சாரல்மேடு:
நன்றி அண்ணே. அப்படியென்றால் எஸ்.யூ.எஸ்.ஸை விட்டுவிடலாமா?

பதில்: திரைக்குப்பின்
இந்த ஆட்களுக்கு விட்டுவிடலாம். ஜான் புரூக் 1986-இல் உருவாக்கியபோதே 10 கேள்விகளில் ஒன்றுவிட்டு ஒன்று எதிர்மறையாக வைத்தார். "தேவையில்லாமல் சிக்கலாக இருக்கிறது" என்பதற்கு உடன்படவில்லை என்று சொன்னால்தான் அது பாராட்டு. மொழிபெயர்ப்பில் இது பலரைத் தடுமாற வைக்கும். ஒற்றைப்படைக் கேள்வியில் விடையிலிருந்து 1 கழித்து, இரட்டைப்படையில் 5-இலிருந்து விடையைக் கழித்து, கூட்டி 2.5-ஆல் பெருக்கினீர்களா என்றும் பாருங்கள். கிடைப்பது சதவீதம் அல்ல, பொதுவான சராசரி 68. எஸ்.யூ.எஸ்.ஸுக்குப் பதிலாக ஒரு வாரம் நோட்டையும் ஆப்பையும் வரிக்கு வரி ஒப்பிட்டு, எத்தனை வரி மாறுகிறது என்று எண்ணுங்கள். யாரும் உங்களைத் திருப்திப்படுத்தச் சொல்லும் எண் அல்ல அது.

பதில்: நோட்டுப்புத்தகம்
ஒன்று விட்டுப்போனது. ஆப்பைத் தொடாமலே அதை நம்பி இருப்பவர் காயெடுக்கும் அக்காதான். அவர் அட்வான்ஸ் எவ்வளவு என்பது கடன் விவரம், மற்றவர் காதில் விழக் கூடாது. சோதனைக்குக் கற்பனைப் பெயர்கள் போடுங்கள். திரையையும் கையையும் மட்டும் படம் எடுங்கள், முகம் வேண்டாம். சம்மதத்தைக் காகிதத்தில் நீட்டாமல் வாசித்துச் சொல்லிக் கேளுங்கள். தமிழ்ச் சுற்றின் 5 பேரில் 2 பேர் இந்த அக்காமாராக இருக்கட்டும். சூப்பர்வைசர் காட்டும் திரையில் தன் பாக்கியை அவர் தானே கண்டுபிடிக்க முடிகிறதா என்பதுதான் அவருக்கான பணி.