இரண்டு வினாடி இடைவெளி நடைமுறைக்கு ஒத்துவருமா?

அவசரக்காரன்: முன்னால் போகும் வண்டிக்குப் பின்னே இரண்டு வினாடி இடைவெளி விட வேண்டும் என்று எல்லோரும் ஓதுகிறார்கள். நெரிசலில் அப்படி விட்டுப் பாருங்கள். உடனே ஒருவர் உள்ளே நுழைந்துவிடுவார். நாம் பின்வாங்கினால் அடுத்தவர் நுழைவார். இப்படியே போனால் எப்போது போய்ச் சேர்வது?

தேய்ந்த டயர்: நுழையட்டுமே! ஒருவருக்கு இரண்டு வினாடி என்றால், பத்துப் பேர் நுழைந்தாலும் இருபது வினாடிதான். உங்களை உறுத்துவது கௌரவம் என்று நினைக்கிறேன்.

அவசரக்காரன்: கௌரவத்தை விடுங்கள், கணக்கைப் பேசுவோம். முன்னால் போகிறவர் பிரேக் போட்டாலும் அந்த வண்டி கொஞ்ச தூரம் ஓடித்தானே நிற்கும்? அதே வேகத்தில் வரும் எனக்கும் ஏறக்குறைய அதே தூரம்தான். பிறகெதற்கு இவ்வளவு இடைவெளி? போதாக்குறைக்கு ஏபிஎஸ் பிரேக் வேறு இருக்கிறது.

தேய்ந்த டயர்: இது நியாயமான கேள்வி. 80 கி.மீ. வேகத்தில் வண்டி வினாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. முன்வண்டியின் பிரேக் விளக்கு எரிவதைக் கண்டு உங்கள் கால் பிரேக்கை மிதிக்கவே ஒன்று, ஒன்றரை வினாடி ஆகிவிடும். அதற்குள் 22 முதல் 33 மீட்டர் போயிருக்கும். அந்த இரண்டு வினாடியில் பெரும்பகுதி இந்தத் தாமதத்துக்கே சரியாகிவிடுகிறது. அதிலும், அவர் பிரேக் போட்டு நின்றால்தான் உங்கள் கணக்கு செல்லும். எதன்மீதாவது மோதி நின்றால் அவருக்கு ஓடி நிற்கும் தூரமே கிடையாது. ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும், ஸ்டீயரிங்கும் பேச்சைக் கேட்கும். உங்கள் காலை அது வேகப்படுத்தாது.

மழைக்குடை: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஈரச்சாலையில் இரண்டு வினாடி போதாது, குறைந்தது நான்கு வேண்டும். வேகம் இருமடங்கானால் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். அளப்பது எளிது: முன்வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதும் எண்ணத் தொடங்கி, நீங்கள் அதே கம்பத்தை அடையும்வரை எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள்.

அவசரக்காரன்: சரி, பின்னால் ஒட்டிக்கொண்டு ஹாரன் அடிப்பவரை என்ன செய்வது?

தேய்ந்த டயர்: முன்னால் இன்னும் கொஞ்சம் இடம் விடுங்கள். அப்போது மெதுவாகப் பிரேக் பிடிக்கலாம், அவருக்கும் நிற்க அவகாசம் கிடைக்கும். வாய்ப்பு வந்ததும் அவரை முந்த விடுங்கள்.

அவசரக்காரன்: நெடுஞ்சாலைக்கும் மழைக்கும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 20 கி.மீ. வேகத்தில் ஊரும்போது இரண்டு வினாடி என்பது 11 மீட்டர்; இரண்டு கார் நிற்கும் இடம். அங்கே அவ்வளவு விடுவதாக இல்லை.

மழைக்குடை: அங்கேதான் பாதசாரிகள் குறுக்கே வருகிறார்கள்.