கன்னி, கோம்பை, ராஜபாளையம்: கொங்குப் பக்கத்தில் பார்த்த வேட்டை நாய்கள்

மூலனூர்க்காரன்:
வேட்டை நாய் என்றாலே தெற்குச் சீமையைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். ராஜபாளையம், கோம்பை என்று நாய்க்குப் பெயர் கொடுத்த ஊர்களே அங்கேதான் இருக்கின்றன, சரி. ஆனால் நம் பக்கத்துத் தோட்டங்களிலும் இந்த நாய்கள் இருக்கின்றன. நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள். நான் முதலில் சொல்லிவிடுகிறேன்.

தாராபுரம் தாண்டி அப்புச்சி ஊருக்குப் போகிற இட்டேறியில், அதாவது இருபுறமும் வேலி போட்ட வண்டிப்பாதையில், செம்மறி ஓட்டிக்கொண்டு ஒருவர் வந்தார். கூடவே ஒரு கன்னி நாய். நல்ல கறுப்பு உடம்பு. புருவத்தில் இரண்டு பொட்டு, வாய் ஓரம், நெஞ்சு, கால் எல்லாம் தேன் நிறம். நெஞ்சுக்கூடு ஆழமாக இறங்கி, வயிறு மேலே ஒட்டி, விலா எலும்பை எண்ணிவிடலாம் போல இருந்தது. பட்டினி போட்டிருக்கிறார் என்று தோன்றும். அப்படி இல்லை, இந்தச் சாதி நாயின் உடல்வாகே அதுதான். கம்மங்கூழும் மோரும்தான் தினசரிச் சாப்பாடு என்றார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே கொறங்காட்டுக்குள், வேலி போட்ட மேய்ச்சல் நிலத்துக்குள், காய்ந்த கொழுக்கட்டைப்புல்லை விலக்கிக்கொண்டு ஒரு முயல் கிளம்பியது. நாய் குரைக்கவில்லை, தரையை மோந்து பார்க்கவும் இல்லை. கண்ணில் பட்டதும் ஓட்டம்தான். கன்னி பார்வையால் வேட்டையாடுகிற நாய், மோப்பத்தால் அல்ல என்று படித்திருக்கிறேன். அதன் பொருள் அன்றைக்குத்தான் விளங்கியது. முயல் சட்டென்று வளைந்தால் சாதாரண நாய் சறுக்கிக்கொண்டு தள்ளிப் போய்விடும். இது முதுகை வில்லாக வளைத்து, பின்னங்காலை முன்னங்காலுக்கும் முன்னால் ஊன்றி, அதே இடத்தில் திரும்பியது. பிடித்துவிடும் என்று நினைத்த நேரத்தில் ஆட்டுக்காரர் ஒரே ஒரு அதட்டல் போட்டார். நாய் நின்றுவிட்டது. முயல் கிளுவை வேலிக்குள் புகுந்து போய்விட்டது.

"முயல் அடிச்சா கேஸுங்க தம்பி. அதையும் சொல்லிக் குடுத்துத்தான் வளக்கறோம்" என்றார். 1972 வனவிலங்குச் சட்டத்தைத்தான் சொன்னார். துரத்தச் சொல்லிக் கொடுப்பவர்களை எங்கேயும் பார்க்கலாம். பாதி ஓட்டத்தில் நிறுத்தப் பழக்கியவரை எனக்குத் தெரிந்து அவர் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன்.

ராத்திரியில் அந்த நாய்க்குப் பட்டிக் காவல். காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பக்கம் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துப் போடுவதும், இழப்பீடு கேட்டு விவசாயிகள் போராடுவதும் உங்களுக்குத் தெரியும். அவர் பட்டியில் இதுவரை ஒரு ஆடும் போகவில்லையாம்.

பர்கூர் அடிவாரம்:
எங்கள் தோட்டத்தில் கோம்பை. தேனி மாவட்டத்தில் மலை அடிவாரத்து ஊரான கோம்பையின் பெயரைத்தான் அந்த நாய்க்கு வைத்திருக்கிறார்கள். செவலை உடம்பு, மூஞ்சி மட்டும் கறுப்பு. கன்னி மாதிரி ஒல்லி இல்லை, கட்டுமஸ்தான நாய். ஓடிப் பிடிப்பதைவிட எதிர்த்து நிற்பதுதான் அதன் குணம். கடலைக்காட்டில் பன்றி இறங்கினால் நேராகப் போய் விழாது. பக்கவாட்டில் சுற்றிச் சுற்றி வந்து குரைத்து, பன்றியைத் திரும்பிப் போக வைத்துவிடும். வெளியாட்களிடம் ரொம்பக் கடுமை. பகலில் கட்டித்தான் வைக்கிறோம். சின்னப் பிள்ளைகள் வந்துபோகிற வீட்டுக்கு யோசித்து வாங்குங்கள்.

நாயும் பன்றியும் என்றால் நமக்கு அண்ணன்மார் கதை, பொன்னர் சங்கர் என்ற அண்ணன் தம்பியின் கதை, இருக்கிறதே. உடுக்கடித்துப் பாடும்போது கொம்பன் பன்றி வேட்டை வந்தால் ஊரே விழித்திருக்கும். பெரிய நாய்களால் ஆகாததை, தன்னை வேட்டைக்குக் கூப்பிடவில்லை என்று கோபித்துக்கொண்ட ஒரு சின்னப் பெட்டை நாய் செய்யும். கொம்பனின் விதையைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும், சங்கர் குத்துவார். பன்றி வேட்டையில் நாயின் வேலை என்ன என்று தெரிந்தவர்கள் கட்டிய கதை அது.

ஆழியாத்துக்காரர்:
என் அனுபவம் கொஞ்சம் கசப்பானது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலிப் பேச்சில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொன்ன பிறகு குட்டி கேட்டு அலைந்தவர்களில் நானும் ஒருவன். கன்னி என்று சொல்லி ஒருவர் கொடுத்தது வளர வளர கிரேஹவுண்டு என்ற வெளிநாட்டு ஓட்ட நாயின் கலப்பாகத் தெரிந்தது. வேகத்துக்காக அப்படிச் சேர்க்கிறார்கள். வேகம் வருகிறது, ஆனால் நம் வெயிலில் கொஞ்ச தூரம் ஓடினாலே இரைக்கிறது. காடும் கரடுமாகக் கிடக்கிற மண்ணில் தலைமுறை தலைமுறையாக ஓடிப் பழகிய நாயைக் கெடுக்கிற வேலை இது.

கன்னி அரபு நாட்டு வேட்டை நாயான சலூகியிலிருந்து வந்தது என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். கறுப்பும் தேனும் கலந்த நிறம் ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். அதை வைத்து மட்டும் பூர்வீகம் முடிவு செய்ய முடியாது. கன்னியும் சிப்பிப்பாறையும் ஒன்றுதான், நிறம்தான் வேறு என்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

ராஜபாளையம் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. 2005ல் தபால்தலையில் வந்த நாய் அது; வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும் பார்த்து மயங்காதவர் இல்லை. அந்த வெள்ளையோடு காது கேளாமையும் சில குட்டிகளுக்கு வருகிறது. மற்ற குட்டிகளோடு இருக்கும்போது தெரியாது, அவை ஓடினால் இதுவும் ஓடும். தனியாகப் பிரித்து, தூங்கும்போது முதுகுப் பக்கம் நின்று கை தட்டிப் பாருங்கள். காற்று மேலே படாத தூரத்தில் நிற்க வேண்டும்.

மூலனூர்க்காரன்:
கை தட்டுகிற விஷயத்தைக் குறித்து வைத்துக்கொண்டேன், நன்றிங்க. நான் சொன்ன ஆட்டுக்காரரின் கன்னி பெட்டை. இணை சேர்க்கக் கலப்பில்லாத ஆண் நாய் தேடிக்கொண்டிருக்கிறார். நிறம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லையாம், ஆட்டோடு பழகியதாக இருக்க வேண்டும். கரூர், காங்கேயம், உடுமலைப் பக்கம் யாரிடமாவது இருந்தால் இங்கே எழுதுங்கள், அவரிடம் சொல்லிவிடுகிறேன்.