புதுப்பிப்பு: பழைய பட்டுச்சேலைக் கரையை காட்டன் பாவாடையில் வைப்பது

கிழிந்த பட்டுச்சேலையின் ஜரிகைக் கரையை வெட்டி காட்டன் பாவாடைக்கு வைக்கும் முறையை முன்பு எழுதியிருந்தேன். முதல் துவையலிலேயே கரை அலையலையாக நெளிகிறது என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

காரணம் பெரும்பாலும் காட்டன்தான். அது சுருங்கும், ஜரிகை சுருங்காது. அதனால் வெட்டுவதற்கு முன்பே காட்டன் துணியை ராத்திரி முழுக்க ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டுவிடுங்கள். கரைக்கு அடியில் பாலியஸ்டர் ஃபால் வேண்டாம், நனைத்துக் காயவைத்த மல்மல் (மெல்லிய பருத்தித் துணி) போதும்.

கரையை வெட்டும்போது சேலை உடலில் அரை இஞ்ச் சேர்த்து விடுங்கள், பிசிறை உள்ளே மடக்க அது வேண்டும். வெட்டுமுன் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பழைய மடிப்பில் கோடு கோடாக வெளிச்சம் தெரிந்தால் அந்த இடத்தைத் தவிர்ப்பதே நல்லது. எவ்வளவு கவனமாகத் தைத்தாலும் அங்கேதான் விடும்.

11ஆம் நம்பர் ஊசி, கொஞ்சம் நீளமான தையல். மேல் ஓரம், கீழ் ஓரம் இரண்டையும் ஒரே பக்கத்திலிருந்து தொடங்குங்கள். ஒன்றை இடமிருந்தும் மற்றதை வலமிருந்தும் ஓட்டினால் கரை சாய்வாக முறுக்கிக்கொள்ளும். குடை பாவாடைக்கு இது சரிவராது, நேர்க்கரை வளைவில் படியாது.

தருமபுரிப் பக்கம் போர் தண்ணீர் பல ஊர்களில் உப்பாக இருக்கும். அதில் துவைத்தால் சோப்பு சரியாகப் போகாமல் ஜரிகை மேல் வெள்ளையாகப் படியும். குழாயில் ஒகேனக்கல் குடிநீர் வரும் நாளில் துவையுங்கள். இஸ்திரி உள்பக்கத்தில், மேலே மெல்லிய துணி போட்டு, பட்டுக்கான சூட்டில்.