சுருட்டுப் பெட்டியில் செய்த மூன்று கம்பி கிட்டார்: மேலே போகப் போக சுருதி சேரவில்லை

கல்லிடை தையல்காரி:

எல்லோருக்கும் வணக்கம். கல்லிடைக்குறிச்சியில் தையல் கடை வைத்திருக்கிறேன், வயது 39. பள்ளிக்கூடத்தில் கடவுள் வாழ்த்துப் பாடியதோடு சரி, எந்த வாத்தியமும் கற்றதில்லை.

எங்கள் அப்பா ஆசாரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் அவருக்கு வேலை இருக்காது. கப்பலில் வேலை பார்க்கும் அத்தான் தூத்துக்குடியில் இறங்கி வந்தபோது காலிச் சுருட்டுப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். ஊசி, பட்டன் போட்டுவைக்க எனக்குத்தான் கொடுத்தார். அப்பா மூடியை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுல நாதம் இருக்குட்டி" என்று வாங்கிக்கொண்டார். அண்ணன் மகன் போனில் வீடியோ காட்டினான். பத்து நாளில் கிட்டார் ஆகிவிட்டது.

கழுத்துக்கு, இடித்த வீட்டு நிலைக்காலில் மிஞ்சிய பழைய தேக்கு. அந்தக் கட்டை பெட்டிக்குள்ளே ஓடி மறுபக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. கழுத்தின் குறுக்கே பதிக்கும் ஃப்ரெட் கம்பிகள் வர வேண்டிய இடங்களை அண்ணன் மகனுடைய கிட்டார் மேல் காகிதம் வைத்துக் குறித்துக்கொண்டார். முறுக்கும் கீ மூன்றும் உடைந்த கிட்டாரில் கழற்றியவை. பெட்டி மேல் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் ஒரு துண்டு ஈட்டி மரம், ஒட்டவில்லை, கம்பியின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. கிட்டாரின் ஏ, டி, ஜி கம்பிகள் (மேல்நாட்டு ஸ்வரப் பெயர்கள்) கட்டி, போனில் ஆப் பார்த்து அதே ஏ, டி, ஜி என்று வைத்திருக்கிறேன்.

சும்மா மீட்டினால் நன்றாகத்தான் இருக்கிறது. மூன்றாவது ஃப்ரெட்டில் லேசாகப் பிசகுகிறது. ஏழாவதில் நன்றாகவே தெரிகிறது. பன்னிரண்டில் காது கூசுகிறது. வீடியோவில் ஒரு விரலை மூன்று கம்பிக்கும் குறுக்கே வைத்தாலே பாட்டு வருகிறது, எனக்கு வரவில்லை. மூடி வேறு வண்டு மாதிரி இரைகிறது.

திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு கடைக்குக் கொண்டுபோனோம். "இது விளையாட்டுச் சாமான், இதுக்கு சுருதி நிக்காது" என்று கையில்கூட வாங்காமல் சொல்லிவிட்டார்கள். அப்பா பக்கத்தில்தான் நின்றார். சேரன்மகாதேவி தாண்டும்வரை பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை.

அவருக்கு இப்போது காது மந்தம். நான் மீட்டும்போது பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டுதான் கேட்கிறார். அவர் செய்ததில் என்ன குறை, அதைச் சரிசெய்ய முடியுமா? நான் எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சாரல் தென்காசி:

அக்கா, ஏ கம்பியை ஜி வரைக்கும் இறக்குங்க. மூணு கம்பிப் பெட்டிக் கிட்டாருக்கு ஜி-டி-ஜி தான் வழக்கம். ஒரு விரல் குறுக்கே வச்சா பாட்டு வர்றது அதனாலதான். இறக்கணும், ஏத்திடாதீங்க, ஏத்தினா அறுந்துரும். நானும் ஒண்ணு வச்சிருக்கேன், மசாலா டப்பாவில செஞ்சது.

பாளை ஐயா:

தாயி, உன் அப்பா வேலையில் பெரிய குறை எதுவும் இல்லை. பாளையங்கோட்டையில் ஏறக்குறைய முப்பது வருஷமாக ஆராதனையில் கிட்டார் வாசிக்கிறேன். நீ எழுதியதைப் படித்ததுமே பிரிட்ஜ் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

ஃப்ரெட் இடம் என்பது கம்பியின் நீளத்தைப் பொறுத்த கணக்கு. கழுத்தின் தலைப்பக்கம் கம்பி உட்காரும் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரைக்கும் உள்ள நீளத்தை 17.817 ஆல் வகுத்தால் முதல் ஃப்ரெட்டின் தூரம் வரும். மிச்சமுள்ள நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் அடுத்த ஃப்ரெட். இப்படியே போனால் பன்னிரண்டாவது ஃப்ரெட் சரிபாதியில் விழும். கம்பி பாதியானால் அதே ஸ்வரம் ஒரு ஸ்தாயி மேலே கேட்கும். உன் அப்பா ஃப்ரெட்டுகளை ஒரு கிட்டாரிலிருந்து எடுத்திருக்கிறார். அந்தக் கிட்டாரின் கம்பி நீளமும் உன் பெட்டியின் கம்பி நீளமும் ஒன்றாக இருக்கிறதா? அதை முதலில் பார்க்க வேண்டும்.

அளந்து எழுது. நட்டிலிருந்து பன்னிரண்டாவது ஃப்ரெட் எவ்வளவு, அங்கிருந்து பிரிட்ஜ் எவ்வளவு? இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பிரிட்ஜ் பக்கம் குறைந்தால், மேலே போகப் போக சுருதி ஏறிக்கொண்டே போகும். நீ சொல்கிற மாதிரியே கீழே கொஞ்சம், மேலே அதிகம்.

ஒட்டாமல் விட்டது நல்லதாகப் போயிற்று. ஒட்டியிருந்தால் உளி வைத்துப் பெயர்க்க வேண்டியிருக்கும்.

தம்பி சொன்ன ஜி-டி-ஜி சரி. ஏ-டி-ஜி என்று வைத்தால் கம்பிகள் ஒன்றுக்கொன்று நான்காவது ஸ்வர இடைவெளியில் நிற்கும், சேர்த்து மீட்டினால் எங்கும் போய் உட்காராது. ஜி-டி-ஜி என்றால் ச-ப-ச. விரல் வைக்காமல் மீட்டினால் ஜி கார்ட், அதாவது ஜி-யை ஒட்டிச் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம், ஐந்தாவது ஃப்ரெட்டில் குறுக்கே ஒரு விரல் வைத்தால் சி, ஏழாவதில் டி. மேஜர், மைனர் என்று கார்டைப் பிரித்துக் காட்டும் காந்தாரம் (க) இதில் இல்லாததால் அந்தப் பேச்சே இல்லை, எந்தப் பாட்டோடும் ஒட்டிக்கொள்ளும். இந்த மூன்று இடம் தெரிந்தால் எங்கள் ஞாயிறு ஆராதனைப் பாட்டுகளில் பாதிக்கு மேல் கூடவே வந்துவிடலாம்.

அந்தக் கடைக்காரர் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதே. அமெரிக்காவில் கிட்டார் வாங்கக் காசில்லாத சனங்கள் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே இந்தப் பெட்டியில் வாத்தியம் செய்திருக்கிறார்கள். அங்கே நடந்த உள்நாட்டுப் போரின் முகாம் வாழ்க்கையைக் காட்டி எட்வின் ஃபோர்ப்ஸ் 1876இல் வெளியிட்ட செதுக்கோவியம் ஒன்றில், சிப்பாய் வாசிப்பது சுருட்டுப் பெட்டி ஃபிடில்தான். ப்ளூஸ் என்னும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையைப் பாடிய லைட்னின் ஹாப்கின்ஸ் சிறுவனாக இருந்தபோது முதலில் செய்துகொண்டதும் சுருட்டுப் பெட்டிக் கிட்டார்தான். நம்மூர் வில்லுப்பாட்டில் பனைமர வில்லைக் குடத்தின் மேல்தானே வைத்துக் கட்டுகிறார்கள்? மண்குடம் வாத்தியமாகும்போது மரப்பெட்டி ஆகாதா?

கல்லிடை தையல்காரி:

ஐயா, தையல் டேப்பால் அளந்தேன். நட்டிலிருந்து பன்னிரண்டாவது ஃப்ரெட் 32.4 செ.மீ. அங்கிருந்து பிரிட்ஜ் 28.6 செ.மீ. தான் இருக்கிறது. அப்பாவிடம் கேட்டேன். "கணக்கா ரெண்டடி வச்சேன்" என்றார். ரெண்டடி என்றால் 61 செ.மீ. அண்ணன் மகன் கிட்டாரை அளந்தால் 64.8. காகிதத்தில் ஃப்ரெட்டுகளை மட்டும் குறித்தவர், பிரிட்ஜ் இடத்தைக் குறிக்காமல் விட்டுவிட்டார். நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டியதும் எழுந்துபோய் மடக்கு ஸ்கேலை எடுத்து வந்து அவரே மறுபடி அளந்தார்.

பாளை ஐயா:

அப்படியானால் 3.8 செ.மீ. வால்பக்கம் நகர்த்து. மூன்று கம்பியையும் நன்றாகத் தளர்த்திவிட்டுச் செய், இல்லாவிட்டால் மூடி கீறும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேர்மேலே கம்பியை அழுத்தாமல் தொட்டு மீட்டி உடனே விரலை எடு, மணி மாதிரி ஒரு ஒலி வரும். அப்புறம் அதே ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டு. அழுத்தியது ஏறிக் கேட்டால் பிரிட்ஜை இன்னும் கொஞ்சம் வால்பக்கம் தள்ளு, இறங்கிக் கேட்டால் கழுத்துப் பக்கம் கொண்டுவா. தடித்த கம்பிப் பக்கம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடுதலாகத் தள்ளி, பிரிட்ஜ் லேசாகச் சாய்ந்து நிற்பதுதான் சரி. இடம் கிடைத்ததும் பென்சிலால் கோடு போட்டு வை.

மூடி இரைவதற்குப் பெரும்பாலும் கீல்தான் காரணம். கீல் மேல் விரலை அழுத்திக்கொண்டு மீட்டிப் பார். இரைச்சல் நின்றால் மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே சைக்கிள் டியூப் ரப்பரை நூல்போல வெட்டி வைத்து இறுக்கு.

வீணை டீச்சர், வீரவநல்லூர்:

ஐயா ச-ப-ச என்று சொன்னதைத் தொட்டு ஒன்று சொல்கிறேன். ஜி என்பது நம் கணக்கில் 5 கட்டை. பெண்கள் பலர் பாடுவது அந்தச் சுருதியை ஒட்டித்தான். அதனால் உங்கள் அப்பா செய்த பெட்டி உங்கள் குரலுக்குச் சுருதி கொடுக்கும். முதல் வாரம் விரலே வைக்காதீர்கள். மூன்று கம்பியையும் தம்புரா மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக மீட்டி, கூடவே ச, ப, மேல் ச என்று பாடுங்கள். காது உட்கார வேண்டும், விரல் அப்புறம் வரும்.

இரண்டாவது வாரம், மெல்லிய கம்பியில் மட்டும் மோகன ராகம். விரல் வைக்காமல் ச, இரண்டாவது ஃப்ரெட்டில் ரி, நான்கில் க, ஏழில் ப, ஒன்பதில் த, பன்னிரண்டில் மேல் ச. ஐந்தே ஸ்வரம், தவறாக ஒலிக்க வழி குறைவு. விரலை ஃப்ரெட் கம்பியின் மேலேயே வைக்காமல், தலைப்பக்கம் அதை ஒட்டி வைத்து அழுத்துங்கள். பாதி வலி போய்விடும்.

ப்ளூஸ்காரர்கள் அதிகம் எடுக்கும் ஐந்து ஸ்வரங்கள் 0 (விரல் வைக்காமல்), 3, 5, 7, 10 என்ற ஃப்ரெட்டுகளில் வரும். அவை நமக்குச் சுத்த தன்யாசி ராகத்தின் ஸ்வரங்கள். ஸ்வரத்தை அசைத்துப் பிடிக்கும் கமகம்தான் வேறு. ஒரு மாணவி கிட்டாரில் அதை வாசித்துக் காட்டியபோது அன்றைக்குப் பாடம் நடத்த முடியாமல் உட்கார்ந்துவிட்டேன், அவ்வளவு சந்தோஷம்.

விரல் மிகவும் வலித்தால் கோட்டுவாத்தியம் மாதிரி வாசிக்கலாம். வழவழப்பான சின்ன மருந்துக் குப்பி ஒன்றைச் சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டு கம்பியின் மேல் வழுக்க வேண்டும், அழுத்தக் கூடாது. அப்போது மட்டும் குப்பி ஃப்ரெட் கம்பிக்கு நேர்மேலே நிற்க வேண்டும். குப்பிக்குப் பின்னால் மற்ற விரல்கள் கம்பியைத் தொட்டபடி இருந்தால் வீண் ஓசை வராது.

கல்லிடை தையல்காரி:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். கல்யாண சீசன், கடையில் ஜாக்கெட் குவிந்துவிட்டது.

பிரிட்ஜை அப்பாவே நகர்த்தினார். அழுத்தின ஒலியும் தொட்ட ஒலியும் சேருகிறதா என்று என்னைக் கேட்கச் சொல்லிவிட்டு, அவர் ஒவ்வொரு நூலாகத் தள்ளினார். நூல் என்று ஆசாரிமார் சொல்வது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, மூன்று மில்லிமீட்டர் வரும். கடைசியில் அரை நூல் கணக்கில் வந்து நின்றது. பன்னிரண்டாவது ஃப்ரெட் இப்போது சுத்தமாக இருக்கிறது. பிரிட்ஜ் பெட்டி ஓரத்தை நெருங்கிவிட்டதால் சத்தம் துளி குறைந்த மாதிரி தெரிகிறது, அது பரவாயில்லை. இரைச்சலுக்குக் காரணம் கீல்தான். டியூப் ரப்பர் வைத்ததும் நின்றுவிட்டது.

டீச்சர், ஒரு வாரம் விரல் வைக்காமல் பாடினேன். கடை அடைத்த பிறகு தினமும் இருபது நிமிஷம். இப்போது மோகனம் ஏறி இறங்க வருகிறது, த-விலிருந்து மேல் ச-வுக்குப் போகும்போது மட்டும் விரல் தடவுகிறது. ஊசி குத்திக் குத்தி என் விரல் நுனி ஏற்கெனவே காய்த்திருக்கிறது, அதனால் வலி அவ்வளவு இல்லை. நேற்று ஜி, சி, டி மூன்றையும் வைத்துக்கொண்டு அம்மா பாடும் தாலாட்டு ஒன்றைப் பாடினேன். அப்பா பெட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை. முடிந்ததும், "ஏழாவதுல நாதம் நல்லா நிக்கி" என்றார். அவருக்கு ஃப்ரெட் எண் எல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது.

இப்போது அவர் பலாப் பலகை தேடிக்கொண்டிருக்கிறார், வீணைக்குப் பலாதானா என்று டீச்சரிடம் கேட்டுச் சொல்லச் சொன்னார். மேல்பலகை எவ்வளவு மெல்லிசாக இழைக்கலாம்? இன்னொன்று, ஜி கம்பி தேய்ந்துவிட்டது. ஆறு கம்பி சேர்த்து வாங்காமல் அதை மட்டும் தனியாகத் தருகிற கடை அம்பாசமுத்திரத்திலோ பாளையிலோ இருக்கிறதா?