கிறிஸ்துமஸ் மரத்துக்கு பைபிளில் இடம் உண்டா?

கேள்வி: ஞாயிறு வகுப்பில் ஒரு பையன், "டீச்சர், இந்த மரம் பைபிள்ல எங்க வருது?" என்று கேட்டுவிட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. இது வெறும் பழைய புறமத வழக்கம்தானா?

பதில் 1: பைபிளில் இல்லை, அதை அவனிடம் நேராகவே சொல்லுங்கள். ஆனால் ஏதேன் தோட்டம் இருக்கிறதே! இடைக்கால ஜெர்மனியில் டிசம்பர் 24 ஆதாம் ஏவாளின் நாள், அன்று போடும் நாடகத்தில் ஆப்பிள் தொங்கும் ஒரு மரம்தான் தோட்டம் முழுவதுக்கும் அடையாளம், அந்த மரமே பிறகு வீட்டுக்குள் வந்தது என்று பலர் கருதுகிறார்கள். 1605இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஒருவர் எழுதிய குறிப்பில், கூடத்தில் ஃபிர் என்ற ஊசியிலை மரம் நிறுத்தி வண்ணக் காகித ரோஜா, ஆப்பிள், மெல்லிய அப்பம், தங்கத்தாள், சர்க்கரை எல்லாம் தொங்கவிட்டதாக வருகிறது. பாவத்தின் கனியும் நற்கருணையை நினைவூட்டும் அப்பமும் ஒரே கிளையில்! எனக்கு இதைவிட அழகான வேதபாடம் தெரியாது.

பதில் 2: ஜெர்மனியில் கிறிஸ்தவத்தைப் பரப்பிய புனித போனிபாஸ் கதையையும் சொல்வார்கள். 8ஆம் நூற்றாண்டில் அங்குள்ள கெய்ஸ்மாரில் புறமதத்தார் வழிபட்ட ஓக் மரத்தை அவர் வெட்டி, அந்த மரத்தைக் கொண்டே ஜெபக்கூடம் கட்டியது பழைய வரலாற்றில் உள்ளது. அந்த இடத்தில் ஃபிர் மரம் முளைத்தது என்பது பிற்காலச் சேர்க்கை. பிள்ளைகளிடம் பிரித்தே சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்: ரொம்ப நன்றி. சரி, இந்த ஞாயிறு மரத்தில் நாலு ஆப்பிள் கட்டிவிட்டு அங்கிருந்தே பாடத்தைத் தொடங்குகிறேன்.