ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்தவர் உண்மையிலேயே துப்பறிந்ததுண்டா?

கேள்வி:
நோயாளியின் நடையையும் கைகளையும் பார்த்தே அவர் என்ன தொழில் செய்பவர் என்று சொல்லிவிடுவாராம் எடின்பரோ மருத்துவப் பேராசிரியர் ஜோசப் பெல். அவரிடம் படித்த ஆர்தர் கோனன் டாயில், அவரை மனத்தில் வைத்தே ஹோம்ஸை உருவாக்கினார். அந்த முறையை டாயில் உண்மை வழக்கு எதிலாவது கையாண்டிருக்கிறாரா? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
கையாண்டிருக்கிறார். ஸ்டாஃபோர்ட்ஷயரின் கிரேட் வைர்லி கிராமத்தில் 1903ஆம் ஆண்டு இரவு நேரங்களில் கால்நடைகளின் வயிற்றை யாரோ கிழித்துவந்தார்கள். பழி, பம்பாயிலிருந்து சென்ற பார்சி வம்சத்துப் பாதிரியாரின் மகனான ஜார்ஜ் எடால்ஜி என்ற இளம் வழக்கறிஞர் மேல் விழுந்தது. 7 ஆண்டு கடுங்காவல் விதித்தார்கள். மூன்று ஆண்டுகளுக்குப் பின் விடுவிக்கப்பட்ட அவரை 1907 தொடக்கத்தில் லண்டன் விடுதியொன்றில் சந்திக்கச் சென்ற டாயில், அவர் செய்தித்தாளை முகத்தருகே வைத்துச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பிப் படிப்பதைத் தூரத்திலிருந்தே கவனித்தார். கண் மருத்துவமும் பயின்றிருந்த அவருக்கு, இது கடுமையான கிட்டப்பார்வை என்பது உடனே விளங்கிவிட்டது. இப்படிப்பட்டவர் இருட்டில் ரயில் பாதையைக் கடந்து, வயலுக்குச் சென்று, மட்டக்குதிரையைத் தாக்கிவிட்டுத் திரும்பியிருக்க முடியுமா? இதையே மையமாக வைத்து ‘டெய்லி டெலிகிராஃப்’ இதழில் எழுதினார். மற்ற ஏடுகளும் மறுபதிப்பு செய்யட்டும் என்று பதிப்புரிமையையும் விட்டுக்கொடுத்தார்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அரசு அவரைக் குற்றமற்றவர் என்று ஏற்றுக்கொண்டதா?

மறுமொழி 2:
பாதிதான் ஏற்றது. 1907இல் மன்னிப்பு வழங்கினார்கள். இழப்பீடு தர மறுத்துவிட்டார்கள். போலீசாருக்கு வந்த அநாமதேயக் கடிதங்களை அவரே எழுதினார் என்று விசாரணைக் குழு கூறியதே அதற்குக் காரணம். செய்யாத குற்றத்துக்குச் சிறையில் கழிந்த ஆண்டுகளுக்கு ஒரு காசுகூடத் தராதது பெரும் அநீதி என்பதே என் கருத்து. ஆயினும் அவர் மீண்டும் வழக்கறிஞராகத் தொழில் செய்ய முடிந்தது. இங்கிலாந்தில் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதே ஆண்டு சட்டமானதற்கு இவ்வழக்கும் ஒரு தூண்டுதல். உண்மைக் குற்றவாளி என்று டாயில் வேறொருவரைச் சுட்டியபோது மட்டும் அவருடைய சான்றுகள் வலுவாக இல்லை. அந்த நபர்மீது வழக்கும் தொடரப்படவில்லை.

மறுமொழி 3:
ஆஸ்கர் ஸ்லேட்டர் வழக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிளாஸ்கோவில் மூதாட்டி ஒருவரைக் கொன்றதாக 1909இல் தூக்குத் தண்டனை பெற்று, அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டவர் ஸ்லேட்டர். 1912இல் டாயில் வெளியிட்ட சிறுநூலால் அப்போது பயன் விளையவில்லை. விடுதலையான சக கைதி ஒருவர் 1925இல் ஒளித்துக் கொண்டுவந்த குறிப்பைக் கண்டு டாயில் மீண்டும் போராட, 1927இல் ஸ்லேட்டர் வெளியே வந்தார். மறு ஆண்டு தீர்ப்பும் ரத்தானது.