கலைச்சொல் தேவை: ராமென் கடையின் 'கயெடமா'

நண்பர்களே, வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும். ஜப்பானின் ஃபுகுவோகாவுக்குப் படிக்க வரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கான கையேட்டை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். அங்கே பல ராமென் (சாற்றில் போட்ட நூடுல்ஸ்) கடைகளில் வாசலிலேயே சீட்டு இயந்திரம் இருக்கும். காசு போட்டுப் பொத்தானை அமுக்கிச் சீட்டை உள்ளே கொடுக்க வேண்டும். ஒரு பொத்தானில் 'கயெடமா' என்று இருக்கும். நூடுல்ஸ் தீர்ந்து சாறு மிச்சமிருந்தால், வெந்த நூடுல்ஸ் மட்டும் இன்னொரு பங்கு வாங்கி அதே சாற்றில் போட்டுக்கொள்வது. 'கூடுதல் நூடுல்ஸ்' என்று எழுதினேன், மனம் ஒப்பவில்லை.

—

அக்கா, 'கூடுதல்' வேண்டவே வேண்டாம். 'ஓமோரி' என்று வேறொன்று உண்டு, முதலிலேயே பெரிய பங்காக வருவது, அதற்குத்தான் அந்தச் சொல் பொருந்தும். கயெடமா பிறந்த கதையே வேறு. ஃபுகுவோகாவின் நாகஹமா மீன் சந்தைத் தொழிலாளர்களுக்கு நேரமில்லை, அதனால் சீக்கிரம் வேகும் மெல்லிய நூடுல்ஸ் போட்டார்கள்; மெல்லியது சூட்டில் ஊறிக் குழைந்துவிடும், அதனால் கொஞ்சமாகக் கொடுத்துவிட்டு, கேட்டால் மறுபடி போட்டார்கள். 'மறு' இல்லாமல் இந்தச் சொல் நிற்காது. சாறு முழுவதையும் முதலிலேயே குடித்துவிடாதீர்கள் என்றும் கையேட்டில் ஒரு வரி சேருங்கள்.

—

'கயெ' என்றால் மாற்று, 'தமா' என்றால் உருண்டை. சேரும்போது 'டமா' ஆகிறது, நம் புணர்ச்சியைப் போலவே. ஆகவே 'மாற்றுத்திரள்'. 'மாற்று' வன்தொடர்க் குற்றியலுகரம், வலி மிகும், ஒற்றை விட்டுவிடாதீர்கள். தேர்வில் இன்னொருவருக்காக உட்கார்ந்து எழுதுபவரையும் ஜப்பானியர் இதே சொல்லால்தான் குறிக்கிறார்கள். 'மாற்று' அந்தப் பொருளையும் தாங்கும்.

—

ஐயா, பசியோடு நிற்கும் பிள்ளைக்குத் 'திரள்' என்றால் என்ன புரியும்? 'மாற்று' என்று பார்த்தால் வந்த கிண்ணத்தைத் திருப்பிக் கொடுப்பது என்று நினைப்பான். 'மறுகவளம்' என்று வையுங்கள். மறுகரை, மறுபக்கம் போல வலி மிகாது. புறநானூறு 184இல் பிசிராந்தையார் யானைக்குக் காய்நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் பல நாளுக்கு ஆகும் என்கிறாரே, அளந்து கொடுக்கும் உணவுக்கு அதைவிட நல்ல சொல் எது?

—

கவளம் வடசொல்.

—

இல்லவே இல்லை. கவ்வு, கவுள், கவளம் எல்லாம் ஒரே வேர். வாயில் கவ்வுவது கவளம், அதை அடக்கும் கன்னம் கவுள். வடமொழிக்கு நாம் கொடுத்தது என்றே நான் உறுதியாக நம்புகிறேன், விரிவாகத் தனி மடலில் எழுதுகிறேன்.

—

வேர் இருக்கட்டும். கவளம் ஒரு வாய்தானே? இது அரைக் கிண்ணத்துக்கு மேல் வரும். 'ஒரு பிடி சோறு' என்று எல்லா வீட்டிலும் சொல்கிறோம், 'மறுபிடி' என்றால் பாட்டிக்கும் புரியும்.

—

பிடி என்றால் பெண்யானை.

—

யானையை விட்டு வெளியே வரவே மாட்டோமா? என் ஓட்டு மறுபிடிக்கு.

—

எனக்கும் சரி. அச்சுக்குப் போகட்டும்.

—

நன்றி நண்பர்களே. 'மறுபிடி' என்று போட்டு, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'கயெடமா' என்று தமிழ் எழுத்திலேயே கொடுத்துவிட்டேன், கடைக்காரரிடம் வாயால் கேட்க அதுதானே வேண்டும். சாறு பன்றி எலும்பை வேகவைத்து எடுப்பது என்ற குறிப்பையும் மேலே ஏற்றிவிட்டேன். சாப்பிடாதவர்கள் சீட்டு எடுப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

—

என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். பிடி என்பது கையளவு, இதையோ கூடையில் வேகவைத்து நீர் வடித்துக் கொடுக்கிறார்கள், கை படுவதே இல்லை. அப்புறம், 'நூடுல்ஸ்' என்பதை ஒருவரும் தொடாமலேயே விட்டுவிட்டீர்கள். 'இழையப்பம்' என்றால் என்ன குறை?